யாரும் குடியிருக்காத கோட்டை

கோட்டை என்றால் உள்ளே ஓர் அரண்மனை இருக்கும் என்ற நினைப்போடுதான் ப்ஸ்கோவுக்குப் போனேன். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரம், எஸ்தோனிய எல்லைக்குப் பக்கத்து ஊர். அக்டோபர் கடைசி, பிர்ச் மரங்களில் இலை கொட்டி முடிந்திருந்தது. வெலிகாயா ஆற்றின் எதிர்க்கரையில் நின்று முதன்முதலாகக் கோட்டையைப் பார்த்தேன். நீளமான வெள்ளைச் சாம்பல் மதில் ஒன்று ஆற்றை ஒட்டியே போகிறது. மதிலுக்கு மேலே மரக்கூரை போட்ட கோபுரங்கள். எல்லாவற்றுக்கும் மேலே 78 மீட்டர் உயரத்தில் திரித்துவப் பேராலயம், கனமான வெள்ளைச் சுவர்களோடு மேகத்துக்குள் தலையை நுழைத்து நிற்கிறது.

பாலத்தைக் கடந்து உள்ளே போய் ஒரு சுற்று சுற்றினேன். பேராலயம் இருந்தது, அதன் மணிக்கூண்டு இருந்தது, மதில் இருந்தது. மற்றபடி வெறும் புல்வெளிதான். பேராலயத்தில் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை ரஷ்ய மொழியில், இளவரசர் எங்கே குடியிருந்தார் என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்கே யாரும் குடியிருக்கவில்லை, மகனே. இங்கே தானியம் இருந்தது" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவே இல்லை. அதற்குப் பிறகு இந்தக் கோட்டையைப் பற்றி எது கையில் கிடைத்தாலும் படித்தேன். மறு வருஷம் ஜனவரியில் இன்னொரு முறையும் போய்வந்தேன். அவர் சொன்னது ஏறக்குறைய சரிதான். தொடக்க நூற்றாண்டுகளில் இந்த மேட்டில் மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் ஊர் வளர்ந்து, தன்னைத் தானே ஆளத் தொடங்கிய பிறகு, கோட்டையின் நடுப்பகுதியை வீடுகளுக்கு விடாமல் தன் பொதுச்சொத்துக்கு ஒதுக்கிவிட்டது. இளவரசரின் மாளிகைகூட வெளியேதான் இருந்தது.

அந்த நடுப்பகுதிக்கு 'குரோம்' என்று பெயர். மற்ற ஊர்க்காரர்கள் கிரெம்லின் என்று சொல்வதை ப்ஸ்கோவ்காரர்கள் குரோம் என்பார்கள். இரண்டு ஆறுகள் சேருகிற இடம் அது. மேற்கே வெலிகாயா, பெயருக்கே 'பெரிய ஆறு' என்றுதான் பொருள். கிழக்கே ப்ஸ்கவா என்ற சிறிய ஆறு. இரண்டுக்கும் நடுவே கப்பலின் முகப்புபோல நீண்டு குறுகுகிற ஒரு பாறை மேடு. மொத்தமே 3 ஹெக்டேர், நம் கணக்கில் ஏழரை ஏக்கர். மூன்று பக்கமும் தண்ணீரும் செங்குத்துக் கரையும் இருப்பதால், எதிரி நடந்து வரக்கூடிய பக்கம் தெற்கு ஒன்றுதான். அதுவும் சுமார் 90 மீட்டர் அகலம்.

அந்த 90 மீட்டரில்தான் ப்ஸ்கோவ் தன் பணத்தையும் உழைப்பையும் கொட்டியது. அங்கே நிற்கும் மதிலுக்குப் 'பெர்சி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பழைய ரஷ்ய மொழியில் மார்பு என்று அர்த்தம். அதன் முன்னால் பாறையை வெட்டி ஓர் அகழி. 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே அந்த மதிலைத் திரும்பத் திரும்ப இடித்து, உயர்த்தி, தடிமனாக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். 1420-களில் நடந்த பெரிய வேலையைப் பற்றி ஊரின் நாளாகமத்தில், அதாவது நடந்ததை வருஷவாரியாக எழுதிவந்த ஏட்டில், குறிப்பு இருக்கிறது. கூலிக்கு அமர்த்திய 200 பேர், மூன்றரை வருஷ வேலை. கல் அடுக்கியவர்களுக்குத் தனிக் கூலி, சுண்ணாம்பு நீற்றியவர்களுக்குத் தனிக் கூலி. கட்டியவன் இன்ன அரசன் என்று மார்தட்டாமல், யாருக்கு எவ்வளவு கூலி கொடுத்தோம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். செலவு ஊர்ப் பணம், அதனால் கணக்கும் ஊருக்குத்தான்.

சரி, அந்த மார்புக்குப் பின்னால் எதை வைத்துப் பாதுகாத்தார்கள்? மதிலின் உள்பக்கத்தை ஒட்டி ஊர்க்காரர்களின் மரக் களஞ்சியங்கள் இருந்தன. முற்றுகை வந்தால் ஊர் சாப்பிட வேண்டிய தானியம் அங்கே. பேராலயத்தில் 'திரித்துவப் பெட்டகம்' என்ற ஆவணப் பெட்டி. நிலம் வாங்கினது, கடன் கொடுத்தது, சொத்தைப் பிரித்தது எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி அந்தப் பெட்டகத்துக்குப் போனால்தான் வழக்கில் நிற்கும். பேராலயத்தின் பக்கத்திலேயே 'வேச்சே' என்ற ஊர்ச்சபை கூடும் வெளி. சபையைக் கூட்ட ஒரு மணி. தானியம், பத்திரம், மணி, சாமி. இந்த ஏழரை ஏக்கருக்குள் இருந்தது இவைதான்.

அதை எவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள அவர்களுடைய சட்டத்தைப் பார்க்க வேண்டும். 'ப்ஸ்கோவ் நீதிச் சாசனம்' என்ற சட்டத் தொகுப்பு 15-ஆம் நூற்றாண்டில் முழு வடிவம் பெற்றது. கடன், அடமானம், குத்தகை, வாரிசுரிமை என்று வியாபார ஊருக்குரிய விஷயங்களே அதில் அதிகம். கொலை வழக்கில்கூட இளவரசருக்குச் செலுத்த வேண்டிய அபராதத்தைத்தான் அது பேசுகிறது. ஆனால் நான்கு பேருக்கு மட்டும் உயிர்ப்பிச்சை கிடையாது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. குரோமில் திருடியவன், குதிரை திருடியவன், ஊரைக் காட்டிக்கொடுத்தவன், தீ வைத்தவன். இவர்களைத் தவிர, மூன்றாம் முறை பிடிபட்ட திருடனுக்கும் அதே கதிதான். அந்த முதல் சொல்லைச் சில அறிஞர்கள் 'கோயில் திருடன்' என்று வாசிக்கிறார்கள். எனக்குக் குரோம் திருடன் என்ற வாசிப்பே சரியாகப் படுகிறது. ஊரின் பட்டினிக்கால அரிசிப்பானையில் கைவைத்தவனை அந்தப் பட்டியலில் முதலில் வைத்ததில் ஆச்சரியமே இல்லை.

காட்டிக்கொடுத்தவன் அதில் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. 1240-இல் லிவோனியாவின் (இன்றைய எஸ்தோனியா, லாத்வியா பகுதி) ஜெர்மானிய வீரர்கள் ப்ஸ்கோவைப் பிடித்தபோது உள்ளே இருந்தவர்களே அவர்களுக்கு உதவினார்கள் என்று நாளாகமம் சொல்கிறது. த்வெர்திலோ என்பவனின் பெயரையும் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறது. 1242-இல் ரஷ்ய இளவரசர் அலெக்சாந்தர் நெவ்ஸ்கி ஊரை மீட்டார். அதே வருஷம் ஏப்ரலில்தான் பெயிபஸ் ஏரியின் பனிக்கட்டிமேல் அந்தப் பெயர்போன சண்டை நடந்தது. ஒருதரம் பட்ட அடி, இருநூறு வருஷம் கழித்தும் சட்டத்தில் வலியாக நிற்கிறது.

குரோமுக்குத் தெற்கே, பெர்சி மதிலுக்கு எதிரே, தரையோடு தரையாகக் கல் அஸ்திவாரங்கள் வரிசையாகத் தெரியும். அதுதான் தொவ்மொந்த் நகர். ரஷ்யக் கோட்டைகளில் இதைப்போல என்னை நிறுத்திவைத்த இடம் வேறில்லை.

தொவ்மொந்த் லித்துவேனியாக்காரர். அந்நாட்டு அரசன் மிந்தவுகாஸ், தன் மனைவி இறந்ததும், தொவ்மொந்தின் மனைவியான அவளுடைய தங்கையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டான் என்பார்கள். 1263-இல் மிந்தவுகாஸ் கொல்லப்பட்டதில் தொவ்மொந்துக்கும் பங்கு உண்டு. அடுத்து வந்த பழிவாங்கலில் உயிர் தப்பி, தன்னோடு வந்த குடும்பங்களுடன் ப்ஸ்கோவுக்கு ஓடிவந்தார். கையில் ரத்தக் கறை, வேறு மொழி, வேறு மதம். இப்படி வந்தவரை ஞானஸ்நானம் கொடுத்து, திமொஃபேய் என்று பெயரிட்டு, 1266-இல் தங்கள் இளவரசராகவே ஏற்றுக்கொண்டது இந்த ஊர். அப்புறம் 33 வருஷம் இந்த ஊருக்காகச் சண்டையிட்டார். 1268-இல் ஜெர்மானியர்களோடும் டேனியர்களோடும் நடந்த ரகோவர் போரில் இருந்தார். 1299-இல் ஜெர்மானியர்கள் மதில்வரை வந்தபோது, வயதான காலத்திலும் வெளியே போய் அவர்களை விரட்டினார். அதே வருஷம் இறந்தார். புனிதராக வணங்குகிறார்கள். அவருடையது என்று ஊர் போற்றும் வாள் பல நூற்றாண்டுகள் பேராலயத்தில் இருந்தது. பிறகு வந்த இளவரசர்களுக்குப் பதவியேற்பின்போது அந்த வாளைக் கட்டிவிடுவார்களாம். இன்று அது ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குரோமின் ஒரே பலவீனமான பக்கத்துக்கு முன்னால் இன்னொரு மதில் எழுப்பியவர் அவர். அதனால்தான் அந்தப் பகுதிக்கு அவர் பெயர். சுமார் ஒன்றரை ஹெக்டேர்தான், ஆனால் அதற்குள் பதினைந்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கோயில்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஊர் நிர்வாகத்தின் கட்டடங்களும் அங்கேயே. கோயிலின் அடித்தளத்தில் வியாபாரிகள் சரக்கு வைத்துக்கொள்வதும் அந்த ஊரில் உண்டு. கல்லுக்குள் வைத்தால் தீ பிடிக்காது என்ற நம்பிக்கை. மரத்தால் ஆன ஊருக்கு அது பெரிய விஷயம்.

இனி கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் சாயங்காலம் மதிலில் கைவைத்தபடியே வெகுதூரம் நடந்தேன். உள்ளூரில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லைப் பலகை பலகையாக உடைத்து, சுண்ணாம்புச் சாந்தில் பதித்து அடுக்கியிருக்கிறார்கள். இழைத்து மட்டம் பார்த்த கல் கிடையாது. ஒரு கல் ஒரு சாண் தடிமன், அடுத்தது நான்கு விரல். நூல் பிடித்த நேர்க்கோடு எங்குமே கிடைக்காது. மூலைகள் கொஞ்சம் உருண்டிருக்கும். சுவர் கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கும். அந்தக் காலத்தில் மேலே சுண்ணாம்பும் பூசியிருந்தார்கள். களிமண்ணைக் கையால் அணைத்து அணைத்து எழுப்பிய சுவரைப் பார்ப்பதுபோல இருக்கிறது. ப்ஸ்கோவின் கோயில்களுக்கும் இதே முகம்தான். 2019-இல் யுனெஸ்கோ இந்த ஊரின் பத்துக் கோயில் கட்டடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குரோமில் நிற்கும் பேராலயம் அந்தப் பட்டியலில் இல்லை. மதிலையும் கோயிலையும் கட்டியவர்கள் ஒரே கொத்தனார்கள் என்பது கையால் தொட்டாலே தெரிந்துவிடும்.

அந்தக் கொத்தனார்களின் திறமைக்கு மாஸ்கோவே சாட்சி. 1474-இல் மாஸ்கோ கிரெம்லினில் கட்டிக்கொண்டிருந்த புதிய உஸ்பென்ஸ்கி பேராலயம் பாதியில் இடிந்து விழுந்தது. மாஸ்கோவை ஆண்ட மூன்றாம் இவான் ப்ஸ்கோவிலிருந்து ஆட்களை வரவழைத்து, என்ன கோளாறு என்று பார்க்கச் சொன்னார். அவர்கள் கல்வேலை நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் சாந்தை நீர்க்கக் கரைத்திருக்கிறார்கள், அதில் பசை இல்லை, அதனால்தான் பிடிக்கவில்லை என்றார்கள். நாலே வார்த்தையில் ஒரு கட்டட ஆய்வறிக்கை. காளவாயில் சுண்ணாம்பு நீற்றி, பதம் பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் அப்படிச் சொல்ல வரும். அந்தப் பேராலயத்தை முடிக்கும் பொறுப்பு பிறகு இத்தாலிக்காரரான அரிஸ்டாட்டில் ஃபியொரவந்திக்குப் போனது. ஆனால் பக்கத்தில் இருக்கும் பிளகவேஷென்ஸ்கி பேராலயத்தை 1484 முதல் 1489 வரை கட்டியவர்கள் ப்ஸ்கோவ்காரர்களே. 1550-களில் கசான் நகரில் கல்கோட்டை கட்ட வேண்டியபோதும், பேர் பெற்ற போஸ்த்னிக் யாக்கொவ்லெவின் தலைமையில் 200 ப்ஸ்கோவ் கொத்தனார்களைத்தான் அனுப்பச் சொன்னார்கள்.

கட்டட அமைப்பில் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது 'ஸஹாப்' என்ற ஏற்பாடு. வாசல் கதவை உடைத்துக்கொண்டு எதிரி உள்ளே பாய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் வந்துவிட்டோம் என்று நினைக்கிற அவன், உண்மையில் இரண்டு உயர்ந்த சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகிய சந்தில் நிற்கிறான். மேலே கூரை கிடையாது. இரண்டு சுவர்களின் உச்சியிலும் வில்லோடும் கல்லோடும் ஆட்கள். சந்தின் கடைசியில், திரும்புகிற இடத்தில் இன்னொரு கதவு. முன்னால் போக முடியாது, பின்னால் வருகிறவர்கள் தள்ளுவதால் திரும்பவும் முடியாது. குரோமின் பெரிய வாசலிலும் இப்படி ஒரு சந்து இருந்தது, இன்றும் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறோம். இதன் முழு வடிவத்தைப் பார்க்க வேண்டுமானால் 30 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் இஸ்போர்ஸ்க் கோட்டைக்குப் போக வேண்டும். 1330-இல் குன்றின்மேல் எழுந்த கோட்டை அது. அங்கே அந்தச் சந்தில் தனியாக நடந்தபோது, சண்டை எதுவும் இல்லாத மத்தியான நேரத்திலும் மேலே பார்த்துக்கொண்டேதான் நடந்தேன்.

ஊர் வளர வளர மதிலும் வெளியே வெளியே போனது. தொவ்மொந்த் நகருக்கு அடுத்து, 1309-இல் பொரிஸ் என்ற ஊர்த்தலைவர் காலத்தில் ஒரு கல்மதில். 1375-ஐ ஒட்டி இன்னொன்று. 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் எல்லாவற்றையும் சுற்றி மரமதில், அதைப் பிறகு கல்லாக மாற்றினார்கள். ப்ஸ்கவா ஆற்றின் அந்தப் பக்கம் இருந்த குடியிருப்பையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். கடைசியில் மதிலின் மொத்த நீளம் 9 கிலோமீட்டரைத் தாண்டியது, கோபுரங்கள் நாற்பதுக்கு நெருங்கின. இதில் ஒரு சிக்கல் வந்தது. ப்ஸ்கவா ஆறு இப்போது கோட்டைக்குள்ளேயே ஓடுகிறது, ஆறு நுழைகிற இடத்திலும் வெளியேறுகிற இடத்திலும் மதில் எப்படிக் கட்டுவது? தண்ணீருக்குமேல் வளைவுகள் கட்டி, அவற்றில் கிராதிகள் இறக்கினார்கள். தண்ணீர் போகும், படகு போகாது. மேல் கிராதி, கீழ்க் கிராதி என்றே அந்த இடங்களுக்குப் பெயர். மேல் கிராதிக்குப் பக்கத்தில் 1525-இல் எழுப்பிய கிரெம்யாச்சயா கோபுரம் இன்றும் ஆற்றைப் பார்த்தபடி பாறைமேல் நிற்கிறது. 'இரைச்சலிடும் கோபுரம்' என்று பொருள். உள்ளே ஓர் இளவரசி தங்கத்துக்குக் காவலாக உறங்குகிறாள் என்று ஊரில் கதை உண்டு. மற்ற கோபுரங்களைப் போல அல்லாமல் அன்றைக்கு அது கூரையில்லாமல் மொட்டையாக நின்றது. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் அழகு.

இவ்வளவு மதிலையும் கட்டிய ஊர், தன் சுதந்திரத்தை இழந்தபோது ஒரு கல்கூட உதிரவில்லை.

1348-இல், அதுவரை ப்ஸ்கோவைத் தனக்குக் கீழே வைத்திருந்த பெரிய ஊரான நோவ்கோரத், ப்ஸ்கோவைத் தன் தம்பியாக, தனி ஊராக ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து ஏறக்குறைய 160 வருஷம் இந்த ஊர் தன் சபையாலேயே ஆளப்பட்டது. 1509 கடைசியில் மாஸ்கோவின் ஆட்சியாளர் மூன்றாம் வசீலி நோவ்கோரத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, குறை இருப்பவர்கள் வரலாம் என்று ப்ஸ்கோவ்காரர்களை அழைத்தார். போன தலைவர்களை 1510 ஜனவரியில் அங்கேயே பிடித்துவைத்தார். பிறகு ஒரு அதிகாரியை அனுப்பி இரண்டே நிபந்தனை சொன்னார். சபை கூடாது, சபை மணியை இறக்கிக் கொடுங்கள். ஊர் ஒரு ராத்திரி அவகாசம் கேட்டது. அந்த ராத்திரியைப் பற்றி நாளாகமக்காரர் எழுதியதைப் படித்தபோது புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடிவைத்தேன். கண்ணீரோடு கண்மணியும் சேர்ந்து விழாமல் போனதெப்படி, இதயம் வேரோடு அறுந்துபோகாமல் இருந்ததெப்படி என்று கேட்கிறார் அவர். மறுநாள், ஜனவரி 13, மணியை இறக்கிக் கொண்டுபோனார்கள். முந்நூறு குடும்பங்களை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். உள்மதிலுக்குள் வீடு வைத்திருந்தவர்களையெல்லாம் காலி செய்யச் சொல்லி, அந்த இடங்களில் வெளியூர் வியாபாரிகளைக் குடியேற்றினார்கள்.

நான் இரண்டாம் முறை ஜனவரியில் போனது இதற்காகத்தான். பேராலயத்தின் பக்கத்தில், சபை கூடிய வெளியில், முழங்கால்வரை பனி. யாரும் இல்லை. சண்டையிட்டிருக்கலாமே என்று இன்றைக்கு உட்கார்ந்து சொல்வது சுலபம். பக்கத்து நோவ்கோரத்தின் மணி முப்பது வருஷத்துக்கு முன்பே மாஸ்கோவுக்குப் போய்விட்டதை அவர்கள் பார்த்திருந்தார்கள். தலைவர்கள் பிணையாக மாட்டியிருந்தார்கள். வருகிறவர் தங்கள் மதத்தவர், தங்கள் மொழி பேசுகிறவர். பெர்சி மதில் ஜெர்மானியர்களுக்காகக் கட்டியது. இந்தத் திசையிலிருந்து வரும் ஆபத்துக்கு அவர்களிடம் மதிலே இருக்கவில்லை.

அதே ஊர் 71 வருஷம் கழித்து என்ன செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1581 ஆகஸ்டில் போலந்து அரசர் ஸ்டெஃபான் பாத்தோரி பெரும்படையோடு வந்து ப்ஸ்கோவைச் சூழ்ந்தார். அவர் படையில் இருந்த ஒரு பாதிரியார் ஊரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, பாரிஸ் மாதிரி அல்லவா இருக்கிறது என்று தன் நாட்குறிப்பில் மலைத்துப்போய் எழுதினார். உள்ளே தற்காப்புக்குத் தலைமை இவான் பெத்ரோவிச் ஷுய்ஸ்கி. தெற்கு மூலையில் பக்ரோவ்ஸ்கயா, ஸ்வினாயா என்ற இரண்டு கோபுரங்களைக் குறிவைத்துப் பாத்தோரியின் பீரங்கிகள் முழங்கின. பீரங்கிக் காலத்துக்காகக் கட்டாத சுண்ணாம்புக்கல் மதில் சரிந்தது. செப்டம்பர் 8, தேவமாதா பிறந்த திருநாள். எதிரிகள் உடைப்பு வழியாக ஏறி இரண்டு கோபுரங்களையும் பிடித்து, கொடியையும் ஏற்றிவிட்டார்கள்.

ஆனால் உள்ளே இறங்க முடியவில்லை. உடையப்போகிற மதிலுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே மண்ணும் மரமுமாக இன்னொரு மதில் போட்டிருந்தார்கள். பழைய ஸஹாப் தந்திரம்தான், வேறு உருவத்தில். 'பார்ஸ்' என்ற பெரிய பீரங்கியால் ஸ்வினாயா கோபுரத்தை அடித்தார்கள், அடியில் வெடிமருந்து வைத்து அதைத் தகர்த்தார்கள். சொந்தக் கோபுரம்தான், இருந்தாலும் எதிரியோடு சேர்த்துத் தகர்த்தார்கள். பேராலயத்திலிருந்து திருவுருவங்களையும் புனித எச்சங்களையும் உடைப்புவரை தூக்கிவந்தார்கள். பெண்கள் கல்லும் தண்ணீரும் சுமந்துவந்து, பிறகு தாங்களே சண்டையில் இறங்கினார்கள். சாயங்காலத்துக்குள் மதில் மீண்டும் ஊர்க்காரர்கள் கையில்.

அடுத்து நடந்ததெல்லாம் மண்ணுக்குக் கீழே. எதிரிகள் மதிலுக்கடியில் சுரங்கம் தோண்ட, ஊர்க்காரர்கள் உள்ளிருந்து 'செவி' என்று பெயர்கொண்ட நிலவறைகள் வெட்டி, காது வைத்துக் கேட்டு, எதிரே தோண்டிப் போய் மறித்தார்கள். அக்டோபர் கடைசியில் ஹங்கேரிய வீரர்கள் ஆற்றுப்பக்கமாக வந்து, கேடயங்களைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, மதிலின் அடியைக் கடப்பாரையால் பெயர்க்கத் தொடங்கினார்கள். மேலிருந்து கொதிக்கும் தார் ஊற்றினார்கள். நீண்ட கழியில் சவுக்கும் சவுக்கின் நுனியில் இரும்புக் கொக்கியும் கட்டி, கீழே ஒளிந்திருந்தவர்களைத் தூண்டில் போட்டதுபோல் இழுத்துப் பிடித்தார்கள். டிசம்பரில் பாத்தோரி படையைத் தன் தளபதி யான் சமோய்ஸ்கியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். 1582 ஜனவரியில் போப்பாண்டவரின் தூதர் அந்தோனியோ போஸெவினோ நடுவில் இருந்து பேசி, யாம் சபோல்ஸ்கியில் போர்நிறுத்தம் ஆனது. குளிரில் பட்டினி கிடந்து செத்தவர்கள் மதிலுக்கு வெளியேதான் அதிகம். உள்ளே தானியம் இருந்தது. அந்த உடைப்பை இன்றும் ஊரில் பாத்தோரியின் உடைப்பு என்றே சொல்கிறார்கள். 1615-இல் ஸ்வீடன் அரசர் குஸ்தாவ் அடோல்ஃபும் முற்றுகையிட்டு, தன் தளபதி எவர்ட் ஹோர்னைப் பறிகொடுத்துத் திரும்பினார்.

எந்தப் பகைவனாலும் ஆகாத காரியத்தை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்யாவின் மன்னரான முதலாம் பீட்டரே செய்தார். ஸ்வீடனோடு போர் நடக்கிறது, பீரங்கிக்கு ஏற்ற மண்மேடுகள் வேண்டும். தொவ்மொந்த் நகரின் கோயில்களை இடித்தும் மூடியும் மேலே மண் கொட்டினார்கள். 1721-இல் போர் முடிந்து எல்லையே தூரமாகப் போனதும், கோட்டைக்கு வேலை இல்லாமல் போனது. மதிலின் கற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

அந்த மண்ணைத் திரும்ப அகற்றியது 1950-களிலிருந்து நடந்த அகழாய்வு. முதலில் கிரிகோரி க்ரோஸ்தீலொவ், அவருக்குப் பின் வசீலி பெலெத்ஸ்கி வழிநடத்தினார்கள். பீட்டரின் மண்ணே போர்வையாக இருந்து அடியில் இருந்ததைக் காப்பாற்றியிருந்தது. கோயில் கோயிலாக அஸ்திவாரங்கள் வெளியே வந்தன. 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள்கூடக் கிடைத்து, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எர்மிதாஷ் அருங்காட்சியகத்துக்குப் போயின.

அதே காலத்தில்தான் மதில்களையும் கோபுரங்களையும் திரும்ப எழுப்பினார்கள். 1941 முதல் 1944 வரை ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் ஊரே நொறுங்கியிருந்தது. இன்று ஆற்றங்கரையில் நாம் படம் பிடிக்கிற கோபுரங்களில் பல அந்தச் சீரமைப்பில் எழுந்தவை. 2010 ஏப்ரலில் ஒரு ராத்திரி, விளாஸ்யெவ்ஸ்கயா கோபுரத்தின் மரக்கூரை தீப்பிடித்து எரிந்து விழுந்தது, ரிப்னித்ஸ்கயா கோபுரத்துக்கும் தீ பரவியது. திரும்பக் கூரை போட்டார்கள். எரிந்தது 'அசல்' இல்லையே, பிறகென்ன என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது ஏற்கவில்லை. இந்தக் கோட்டையில் கூரை எரிவதும் திரும்பப் போடுவதும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு நடந்த வேலை. பெர்சி மதிலையே எத்தனை முறை பிரித்துக் கட்டினார்கள்! ஆனால் இடிந்ததை இடிந்தபடியே விட்டுவைத்த இடங்களும் வேண்டும் என்று நினைக்கிறேன். தொவ்மொந்த் நகரை மீண்டும் எழுப்பாமல் அஸ்திவாரமாகவே விட்டதற்காக அந்த ஆய்வாளர்களுக்கு நான் மனதார நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

தொவ்மொந்த் நகரைத் தோண்டியபோது, ஓர் இடத்தில் நூற்றுக்கணக்கான ஈய முத்திரைகள் குவியலாகக் கிடைத்தன. பத்திரங்களில் கயிறு கோத்து, அந்தக் கயிற்றின்மேல் ஈயத்தை வைத்து நசுக்கிப் பதித்தவை. ஊரின் ஆவணக் காப்பகம் அங்கே இருந்திருக்க வேண்டும். நிலம் யாருடையது, கடன் எவ்வளவு, தங்கைக்கு எந்தப் பங்கு என்று எழுதிய தோலும் காகிதமும் எப்போதோ போய்விட்டன. முத்திரைகள் மட்டும் மண்ணில் கிடந்திருக்கின்றன.

ஜனவரிப் பயணத்தில், ஊருக்குத் திரும்பும் நாளன்று, அப்படிப்பட்ட முத்திரைகளைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயம் அளவு, சாம்பல் நிறம், ஓரம் கோணல்மாணல். எழுத்துகள் தேய்ந்திருந்தன. குனிந்து பக்கவாட்டில் பார்த்தால், ஒவ்வொன்றிலும் கயிறு போன துளை தெரிந்தது.